மேடைக்கு வரவேண்டிய புது நாடகங்கள்

இயல், இசை, நாடகம் என மூவகைப்பட்ட நம் தமிழுள், கல்லூரிகளிற் பெரிதும் பயிலப்படுவது இயலே. இசைக்கும் ஓரளவு இடமுண்டு. நாடகமோ, ஆண்டுக்கொருமுறை விழா நாளின் மாலையில் வந்து, ஒப்பனை கலைந்தவுடன் மறக்கப்படும் விருந்தினரைப்போல் இருக்கின்றது. அவ்விழாவிலும் நாம் காண்பன முன்னரே பன்முறை கண்டவை. ஓர் அரசன் வருவான், ஒரு கோமாளி சிரிப்பூட்டுவான், தீயவன் திருந்துவான், ஈற்றில் அனைவர்க்கும் ஓர் அறவுரை கிடைக்கும். அவையோர் கைதட்டிவிட்டு உணவுக்கூடம் செல்வர். மறுநாள் காலையில் அந்நாடகத்தைப்பற்றி வாதிடுவார் ஒருவரையும் காண்டல் அரிது.

பண்டு இந்நிலை இருந்ததில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய பரிதிமாற் கலைஞர், 1897-ஆம் ஆண்டில் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலை வெளியிட்டதோடு அமையாது, 'ரூபாவதி', 'கலாவதி' என்னும் நாடகங்களையும் தாமே இயற்றினார். அவர் 1903-இல் மறைந்தபோது அவர்க்கு வயது முப்பத்து மூன்றே. நாடகம் கற்றோர்க்குத் தகாத தொழில் என்று பலரும் எண்ணிய அக்காலத்தில், ஒரு கல்லூரி ஆசிரியர் அதற்கு இலக்கணமும் இலக்கியமும் செய்தது சிறு துணிவன்று. அவர் வழிவந்த தமிழ் மாணாக்கராகிய நாம், நம் காலத்து நாடகங்களுள் நல்லனவற்றைத் தேடிப் படித்து மேடையேற்றுதல் கடன் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அங்ஙனம் தேடியவற்றுட் சிலவற்றை ஈண்டுப் பரிந்துரைக்கின்றோம்.

துணிவான நாடகம் என்று யாம் கூறுவது எதனை என்பதை முதலில் தெளிவுறுத்தல் வேண்டும். மேடையில் இழிசொற் கூறுதலும், காண்போர் கண்கூசுமாறு நடத்தலும் துணிவு எனப்படா. அவை எவர்க்கும் எளியவை. தன்னைத்தான் கேட்டுக்கொள்ள ஒருவன் அஞ்சும் வினாவை, அவன் இருக்கையை விட்டு எழாமற் கேட்குமாறு செய்தலே நாடகத் துணிவு என்க. பாண்டியன் அவையிற் கண்ணகி சிலம்பை உடைக்கின்றாள். உள்ளிருந்து மாணிக்கம் தெறிக்கின்றது. அதன்பின் தீர்ப்புக் கூறுபவள் அவளல்லள்; அரசன் தானே தன்மேல் தீர்ப்புக் கூறிக்கொள்கின்றான். நல்ல நாடகம் அவையோரை அவ்வரசன் நிலையில் நிறுத்தும்.

இவ்வகையில் முதற்கண் கூறத்தக்கது சென்னையையே களமாகக் கொண்ட 'ஃப்ரீ அவுட்கோயிங்' என்னும் நாடகமாம். இதனை ஆங்கிலத்தில் இயற்றியவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா சந்திரசேகர். இது 2007-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதன்முதல் நடிக்கப்பெற்றது. கைப்பேசியிற் கட்டணமின்றி வெளியே பேசும் சலுகைக்கு வணிகர் வைத்த பெயரே நாடகத்திற்கும் பெயராயிற்று. மாலினி என்னும் கைம்பெண் தன் மகனையும் மகளையும் தன் உழைப்பால் வளர்க்கின்றாள். பதினைந்து வயதினளாகிய மகள் தீபா படிப்பிற் சிறந்தவள். தாயின் பெருமை அவளே. அச்சிறுமி ஒரு மாணவனோடு தனித்திருந்த காட்சி கைப்பேசியிற் படமாகின்றது. படம் பள்ளியிற் பரவுகின்றது. பின்னர் ஊரிற் பரவுகின்றது. பின்னர் நாடெங்கும் பரவுகின்றது. அண்டை வீட்டார் முகந்திருப்புகின்றனர், செய்தியாளர் வாயிலில் திரள்கின்றனர், வீடே சிறையாகின்றது.

இந்நாடகத்தின் பெருந்திறம் யாதெனின், தீபா ஒருபோதும் மேடைக்கு வாராமையே. தாய் பேசுகின்றாள், தமையன் சினக்கின்றான், வருவோர் போவோர் எல்லாரும் அவளைப்பற்றியே பேசுகின்றனர். அவள் மட்டும் தன் அறையினின்று வெளிப்படுவதில்லை. அவள் உருவைக் காண ஊர் முழுதும் துடிக்க, ஆசிரியர் அவ்வுருவை நமக்குக் காட்ட மறுத்துவிடுகின்றார். ஊராரைப் பழிக்கும் நாமும் அவள் எப்போது வருவாள் என்று கதவையே நோக்கியிருந்தோம் என்பது நாடகம் முடியும்போதுதான் நமக்குப் புலனாகின்றது.

இதனை யாம் நூலறிவாற் கூறவில்லை. சென்ற ஆண்டில் எம் வகுப்பினர் எண்மர் ஒரு மாலையில் அமர்ந்து இந்நாடகத்தை உரக்கப் படித்தோம். ஆங்கில உரையாடலை வாய்க்கு வந்த தமிழில் மாற்றிக்கொண்டே படித்தமையால் தொடக்கத்திற் சிரிப்பே மிகுந்தது. பாதிக்குமேற் சிரிப்பு நின்றுபோயிற்று. படித்து முடித்தபின் எம்முடன் பயிலும் மாணவி ஒருத்தி, "அந்தப் பெண்ணை ஒரு வார்த்தைகூட யாரும் கேட்கவில்லையே, நாமும் கேட்கவில்லையே" என்றாள். அதற்கு விடைகூற ஒருவர்க்கும் நாவெழவில்லை. அதனை விழா நாளில் நடிக்க விரும்பி இசைவு வேண்டினோம். விழா மேடைக்கு இது பொருந்தாது என்றும், பெற்றோர் பலர் வருவர் என்றும் காரணங் கூறி மறுக்கப்பட்டது. மறுத்தவர் எம் நன்மையையே கருதினர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், பெற்றோர் வருவர் என்பதே அந்நாடகத்தை நடிப்பதற்கு ஏற்ற காரணம் என்று அன்று எண்ணினோம், இன்றும் எண்ணுகின்றோம். கைப்பேசி இல்லாத மாணவர் அரியராகிவிட்ட இந்நாளில், இத்தீங்கு 2007-இல் இருந்ததினும் நமக்கு அணித்தாயிருக்கின்றது. இவ்வாசிரியரே காந்தியடிகளைக் கொன்ற கோட்சேயைப் பாத்திரமாக வைத்து எழுதிய 'தி ஃபாதர் அண்டு தி அசாசின்' என்னும் நாடகம் 2022-இல் இலண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியது. அதனையும் வரலாற்று மாணவர் படித்தல் நன்று.

அடுத்துக் கூறத்தக்கது ஆங்கில நாட்டு லூசி கர்க்வுட் என்னும் அம்மையார் இயற்றிய 'தி சில்ட்ரன்' என்னும் நாடகம். 2016-இல் அரங்கேறிய இதன்கண் பாத்திரங்கள் மூவரே. கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்று நிலநடுக்கத்தாலும் பேரலையாலும் சிதைந்துவிட்டது. அந்நிலையத்தில் முன்னாளிற் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹேசல், ராபின் என்னும் கணவன் மனைவியர் ஒரு சிறு வீட்டில் வாழ்கின்றனர். முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் காணாத பழந்தோழி ரோஸ் அவர்களைக் காண வருகின்றாள். பழைய நட்பும் பழைய பொறாமையும் தலைகாட்டுகின்றன. அவள் வந்த காரணம் மெல்ல வெளிப்படுகின்றது. சிதைந்த நிலையத்திற் கதிர்வீச்சினிடையே இளைஞர் பணிபுரிகின்றனர். அவரை விடுவித்து, வாழ்ந்து முடித்த முதியோராகிய நாம் அங்குச் செல்வோம், அதனைக் கட்டியவர் நாமன்றோ என்பதே அவள் விடுக்கும் அழைப்பு.

2011-இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தபோது, இளைஞர்க்கு மாற்றாகத் தாம் செல்வதாக முதிய பொறியாளர் சிலர் முன்வந்தமை உலகறிந்த செய்தி. கல்பாக்கத்தும் கூடங்குளத்தும் கடற்கரையில் அணுமின் நிலையங்களை உடைய நமக்கு இக்கதை அயலாரதன்று. எனினும் நாடகத்தின் வினா அணுவாற்றலோடு நின்றுவிடுவதில்லை. முந்தைய தலைமுறை நுகர்ந்த நலத்திற்குப் பிந்தைய தலைமுறை விலைகொடுப்பது முறையோ என்பதே அது. அறுபது கடந்த பாத்திரங்களை மாணவர் நரைமுடி புனைந்து நடித்தால் அது நகைப்பிற்கிடமாகும். ஆதலின் யாம் ஒன்று விண்ணப்பிக்கின்றோம். நம் பழைய மாணவருள் இருவரும் ஆசிரியருள் ஒருவரும் இப்பாத்திரங்களை ஏற்க, மாணவராகிய யாம் அவையிலிருந்து காணுதல் வேண்டும். அன்று மேடைக்கும் அவைக்கும் இடையே நிகழும் உரையாடல் எந்தச் சொற்பொழிவினும் பயனுடையதாகும்.

பொருட்செலவுக்கு அஞ்சுவோர்க்கு ஈரான் நாட்டு நாசிம் சுலைமான்பூர் இயற்றிய 'வைட் ராபிட் ரெட் ராபிட்' என்னும் நாடகத்தைக் கூறுவோம். கட்டாயப் படைப்பணியை ஏற்க மறுத்தமையால் அவர்க்குக் கடவுச்சீட்டுக் கிடைத்திலது. தாம் செல்லவியலாத நாடுகட்குத் தம் சொல்லேனும் செல்க என்று இதனை எழுதினார். 2011 முதல் இது உலகின் பல நாடுகளிலும் பல மொழிகளிலும் நடிக்கப்பெற்று வருகின்றது. இதற்கு இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை, திரைச்சீலையும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நடிகர் மேடைக்கு வந்து, அதற்குமுன் தாம் பாராத பிரதியை உறையினின்றெடுத்து அவையோர்முன் முதன்முறையாகப் படித்து நடிக்கின்றார். ஒருமுறை நடித்தவர் மறுமுறை நடித்தல் கூடாது. உள்ளே இருப்பது யாதென வெளியிடாமை இந்நாடகத்தாரின் மரபாதலின் யாமும் அதனைக் கூறாது விடுகின்றோம். கட்டளைக்குக் கீழ்ப்படிதல் பற்றியது என்னும் அளவே அமையும்.

இனி, நாடகக் குழுவிற் பலர் இருப்பின் அவர்க்கு ஏற்றது 'கவுண்டிங் அண்டு கிராக்கிங்' என்னும் பெருநாடகம். இதன் ஆசிரியர் எஸ். சக்திதரன், இலங்கையிற் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழர். இயக்குநர் ஈமன் பிளாக் அவர்க்குத் துணைநின்றார். 2019 சனவரியிற் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறிய இது, ஏறத்தாழ ஐம்பது பாத்திரங்களையும், அவற்றை ஏற்க 16 நடிகரையும் கொண்டு, மூன்று மணி நேரத்திற்கு மேல் நடைபெறுவது. மக்களாட்சி என்பது தலைகளை எண்ணுவது. ஓர் எல்லை கடந்தால் அதுவே தலைகளை உடைப்பதாகும் என்னும் கசந்த கருத்தினின்று அப்பெயர் எழுந்தது.

கதை 2004-இற் சிட்னியில் தொடங்குகின்றது. ராதா என்னும் தாய், தன் தாயின் அத்தியைத் தன் மகன் சித்தார்த்தனைக்கொண்டு ஆற்றிற் கரைப்பிக்கின்றாள். மகனுக்குத் தமிழ் வாராது. தன் குடும்பம் இலங்கையை விட்டு ஏன் நீங்கியது என்பதும் தெரியாது. தாய் சொல்வதில்லை. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, கணவன் மாண்டான் என்றே நம்பி, கருவுற்ற நிலையில் அவள் அந்நாட்டை விட்டு நீங்கியவள். அவன் உயிரோடிருக்கின்றான் என்னும் செய்தி இருபத்தோராண்டுகட்குப் பின்னர்த் தொலைபேசி வழியாக வருகின்றது. பின்னர்க் கதை, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் பிறந்த 1956-ஆம் ஆண்டிற்குத் திரும்பி, ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறையையும் ஒரு நாட்டின் முறிவையும் ஒருங்கே காட்டுகின்றது.

தமிழ் மாணாக்கராகிய நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது இதன் மொழியமைதி. மேடையில் ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேச, அருகில் நிற்கும் வேறொரு நடிகர் உடனுக்குடன் ஆங்கிலத்திற் பெயர்க்கின்றார். மொழிபெயர்ப்பு ஒளித்துவைக்கப்படும் பணியாகாது நாடகத்தின் உயிராகவே அமைகின்றது. மொழியாற் பிரிந்த நாட்டின் கதையைச் சொல்ல இதனினும் தக்க வழி வேறென்ன? நாம் இதனைத் தமிழில் நடிப்போமாயின், ஆங்கிலம் பெயர்க்கப்படும் மொழியாகவும் தமிழ் கேட்கப்படும் மொழியாகவும் மாறும். முழுவதும் இயலாதெனின் ஓர் அங்கமேனும் நடிக்கலாம். இலங்கையினின்று புகலிடம் நாடி வந்தோரின் மக்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிற் பயில்கின்றனர். அவர்தம் பெற்றோர் சொல்லாது விட்ட கதையை மேடை சொல்லுதல் பொருத்தமேயாம்.

இவையெல்லாம் ஆங்கிலத்தினவே, தமிழிற் புதுநாடகம் இல்லையோ எனின், உண்டு. 2016-இல் மறைந்த கவிஞர் இன்குலாப் இயற்றி, அ. மங்கை அவர்களால் இயக்கப்பெற்ற 'ஔவை' என்னும் நாடகம் ஒன்றே சான்றாதல் அமையும். ஔவை என்றவுடன் கோலூன்றிய மூதாட்டியே நம் நினைவில் எழுகின்றாள். அதியமானொடு நட்புப்பூண்டு, தொண்டைமானிடம் தூது சென்ற சங்கப் புலவரை அவ்வுருவம் மறைத்துவிட்டது. இன்குலாப் அவளை இளமையும் கூர்மையும் உடைய பாண்மகளாக மீட்டளிக்கின்றார். கற்ற பெண்ணைப் போற்றவேண்டுமாயின் அவளை முதலிற் கிழவியாக்க வேண்டியதாயிற்றே, அஃது ஏன் என்னும் வினா இந்நாடகத்தைப் படிப்பார் உள்ளத்து எழாமற் போகாது. புறநானூறு பாடமாக உள்ள ஆண்டில் இதனை நடித்தல் பாடத்திற்கும் துணையாகும்.

இந்நாடகங்களை மேற்கொள்ள விரும்புவார்க்கு இரண்டொரு சொல். நூல் அச்சில் வந்தமையால் அதனை நடிக்கும் உரிமையும் வந்துவிடாது. ஆசிரியரிடமோ அவர்தம் பதிப்பாளரிடமோ முன்னரே இசைவு பெறுதல் வேண்டும். மொழிபெயர்ப்போர் தனியறையிலிருந்து எழுதி முடிக்காது, நடிப்பாரோடு அமர்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லித் திருத்துக. தாளில் அழகிய வாக்கியம் நாவிற் கல்லாதலை யாம் எண்மரும் அம்மாலையிற் கண்டோம். மேடை கிடையாதெனின் வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமிட்டுப் படியுங்கள். நடிப்பதற்கு முதற்படி அதுவே. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆசிரியப் பெருமக்கட்கும் பழைய மாணவர்க்கும் எம் பணிவான வேண்டுகோள் இஃதொன்றே. வரும் ஆண்டு விழாவில் அரசனையும் கோமாளியையும் ஒருமுறை ஓய்வெடுக்க விடுங்கள். தீபாவின் மூடிய கதவை மேடையில் வைக்க எமக்கு இசைவு தாருங்கள். பெற்றோர் முதல் வரிசையில் அமரட்டும். நாடகம் முடிந்து வீடு செல்லும் வழியில் அவர் தம் மக்களோடு என்ன பேசுவர் என்பதை யாம் அறியோம். ஏதேனும் பேசுவர் என்பதை மட்டும் அறிவோம்.