மகளிர் மிதிவண்டிக்கேற்ற டயர் அளவு

மகளிர் மிதிவண்டிக்கேற்ற டயர் அளவு என்பது ஓட்டுபவர் பெண் என்பதைக் கொண்டு முடிவாவதில்லை. டயர் உட்காரும் ரிம்மின் விட்டமே அதை முடிவு செய்கிறது. ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப வண்டியின் சட்டத்தையும் சக்கரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். செல்லும் சாலைக்கும் ஏற்றும் சுமைக்கும் ஏற்ப டயரின் அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளிக்கும் வேலைக்கும் மிதிவண்டியை நம்பியிருப்பவருக்குத் தவறான டயர் வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, ஓடும்போது டயர் கழன்று விழவும் காரணமாகலாம்.

பின்னணி

மகளிர் மிதிவண்டியில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள பார் கிடையாக இராமல் தாழ்ந்திருக்கும். சேலை, பாவாடை, சுடிதார் அணிந்தவர்கள் காலைத் தூக்கிப் போடாமல் ஏற இது உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேலை நாடுகளில் நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்காக இவ்வகை வண்டிகள் பரவின. இந்த வேறுபாடு சட்டத்தில் உள்ளதே தவிர, டயரில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஏராளமான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். மகளிர் வண்டிகள் போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் புதுக்கோட்டையை அடுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. இன்றுள்ள அரியலூர் மாவட்டம் 2007இல் அமைந்தது. தமிழ்நாடு அரசு 2001-02இல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காக நடைமுறைக்கு வந்து, பின்னர் பிற மாணவ மாணவியருக்கும் விரிவடைந்தது. இதனால் ஒரே வீட்டில் தந்தையின் பழைய பெரிய வண்டியும் மகளின் பள்ளி வண்டியும் நிற்பதைக் காணலாம். இரண்டும் வெவ்வேறு அளவு ரிம் கொண்டவையாக இருந்தால், ஒன்றின் டயரை மற்றதற்குப் போட முடியாது.

அளவைப் படிக்கும் முறை

டயரின் பக்கச்சுவரில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று 26 × 1⅜ போன்ற பழைய அங்குலக் குறியீடு. மற்றொன்று ஐ.எஸ்.ஓ. 5775 தரத்தின்படி அமைந்த 37-590 போன்ற குறியீடு. இதில் 37 என்பது டயரின் அகலம். 590 என்பது டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில் தரப்படுகின்றன.

பரவலாகக் காணப்படும் சில அளவுகள்:

• 28 × 1½ (40-635): பழைய பெரிய வண்டிகள்
• 26 × 1½ (40-584): சில பழைய வகை வண்டிகள்
• 26 × 1⅜ (37-590): பல மகளிர் வண்டிகள்
• 26 × 1.75 (47-559): தடித்த டயர் கொண்ட புதிய வகை வண்டிகள்
• 24 × 1.75 (47-507): சிறுவர், சிறுமியர் வண்டிகள்

அங்குல எண் என்பது காற்றடித்த டயரின் தோராயமான வெளிவிட்டம் மட்டுமே. 37-590 டயரின் வெளிவிட்டம் 590 + 37 + 37 = 664 மி.மீ. 47-559 டயருக்கு இது 653 மி.மீ. இரண்டும் ஏறத்தாழ 26 அங்குலம், அதாவது 660 மி.மீ. என்பதால் ஒரே பெயரைப் பெற்றன. ஆனால் இவற்றின் ரிம்களுக்கு இடையே 31 மி.மீ. வேறுபாடு உள்ளது. 559 டயர் 590 ரிம்மில் ஏறாது. 590 டயர் 559 ரிம்மில் எளிதில் ஏறிவிடும், ஆனால் இறுகப் பிடிக்காது. காற்றடிக்கும்போதோ ஓடும்போதோ வெளியே தள்ளிவிடும். எனவே பின்னத்தில் எழுதிய அளவும் தசமத்தில் எழுதிய அளவும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

உயரமும் சக்கரமும்

உயரம் குறைந்தவர் பெரிய சக்கர வண்டியை ஓட்டும்போது கைப்பிடி எட்டாமல் போகலாம். வளைவில் திரும்பும்போது பெடலில் உள்ள கால்விரல் முன் மட்கார்டில் இடிக்கவும் கூடும். ஏறத்தாழ 150 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ளவர் 24 அங்குல வண்டியையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதற்கு மேல் உயரமுள்ள பலருக்கு 26 அங்குலம் பொருந்தும். சீட்டில் அமர்ந்தபடி இரு கால்களின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும் என்பது புதிதாக ஓட்டுபவருக்கு எளிய சோதனை. இச்சோதனை வண்டி வாங்கும்போது செய்ய வேண்டியது. வாங்கிய பிறகு டயரை மாற்றி வண்டியின் அளவை மாற்ற இயலாது.

சாலையும் டயர் அகலமும்

அரியலூர் பகுதி சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் வரும்போது மிதிவண்டியில் செல்பவர் தாரை விட்டு மண் ஓரத்தில் இறங்க நேரிடும். தார் விளிம்பிலும் சரளையிலும் அகலமான டயர் கூடுதல் பிடிமானம் தரும். கேரியரில் தங்கையையோ மூட்டையையோ ஏற்றும்போது பின் டயரின் மீது எடை கூடுவதால், அங்கும் அகலம் உதவும்.

இரு மாவட்டங்களிலும் கரிசல் மண் உண்டு. மழைக்காலத்தில் அது டயரில் அப்பி மட்கார்டில் அடைத்துக்கொள்ளும். எனவே ரிம் ஏற்கும் வரம்புக்குள், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் உள்ள பாதைகளில் தேய்ந்த டயர் எளிதில் பஞ்சராகும்.

வாங்கும்போது

கடையில் "லேடீஸ் சைக்கிள் டயர்" என்று கேட்பதைவிட, பழைய டயரில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது. எண் அழிந்திருந்தால் சக்கரத்தையே கொண்டு செல்லலாம். டியூபும் அதே அளவுக்கு உரியதாக இருக்க வேண்டும். காற்றழுத்தத்தின் மேல் வரம்பு பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும். அதை மீறக் கூடாது. புதிய டயரை மாட்டியபின் பாதி அளவு காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ரிம்மை ஒட்டிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துள்ளது. எங்காவது மேலேறியோ உள்ளே புதைந்தோ இருந்தால் காற்றை இறக்கி மீண்டும் பொருத்த வேண்டும்.