மகிழுந்தில் சி.பி. வானொலி

மைசூரு ஹெப்பாளிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலை பந்திப்பூர்க் காட்டைக் கடக்கிறது. இத்தகைய வழிகளில் கைப்பேசி அலை எட்டாவிடினும், முன்பின் செல்லும் மகிழுந்துகள் தம்முள் பேசிக்கொள்ளச் சி.பி. வானொலி துணைசெய்யும். இதற்குக் கோபுரம் வேண்டா; 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் கருவியோடு கருவி நேரே பேசும்.

இந்தியாவில் 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலும் கருவியோடு இணைந்த ஏரியலும் உடைய கருவிக்கு உரிமம் தேவையில்லை. கூரைமேல் தனி ஏரியல் நிறுவினால் அவ்விலக்குப் பொருந்தாது.

இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆதலின் குட்டையான ஏரியல் சில கிலோமீட்டர் தொலைவே எட்டும். வண்டியின் உலோகக் கூடும் அலையைத் தடுக்கும். எனவே கருவியைச் சன்னலோரம், ஏரியல் நிமிர்ந்து நிற்குமாறு, காற்றுப்பை விரியும் இடத்தை விலக்கிப் பொருத்துதல் வேண்டும். ஓட்டுநர் அல்லாத ஒருவரே பேசுதல் நன்று. வாங்குமுன் விதியையும் ஏரியலையும் முதலில் காண்க. விலையைப் பின்னர்க் காண்க.