போர்வையில் எழுதிய சுயசரிதை!

கதை எழுதி அனுப்பி, 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற சின்னச் சீட்டோடு திரும்பி வந்த அனுபவம் உண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு. பி.காம். முடித்த புதிதில் எழுதிய காதல் கதை அது. ஊட்டியில் நடக்கிறது. நான் அப்போது ஊட்டியைப் பார்த்ததில்லை. காதலையும்தான்! கதை திரும்பி வந்ததும் அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிவிட்டு, ஒழுங்காக ஆபீஸ் போக ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் ஒரு அம்மாளுக்கும் இதே கதிதான். ஆனால், அவர் பால் கணக்கு எழுதவில்லை. போர்வை தைத்தார்!

பெயர், ஃபெயித் ரிங்கோல்ட். 1930-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். ஓவியராக ஆசைப்பட்டு 1950-ல் காலேஜுக்குப் போனால், அந்தப் பிரிவில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். டீச்சர் பயிற்சியோடு சேர்த்து ஓவியம் படிக்கலாமாம். 'அதையாவது கொடுங்கய்யா' என்று படித்து, ஸ்கூலில் வேலைக்கும் சேர்ந்தார். பகலில் சாக்பீஸ், மிச்ச நேரத்தில் பிரஷ். (நம்ம கேஸ்தான்!)

காலேஜில் சொல்லிக்கொடுத்த ஐரோப்பிய பாணியில் பூ, மரம் என்று வரைந்து தள்ளினார். 1960-களின் தொடக்கத்தில் அவற்றை ஒரு காலரிக்கு எடுத்துப் போக, உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். நொந்துபோய் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. வெளியே கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் கொதிக்கிறது. நாம் என்னடாவென்றால் பூ வரைந்துகொண்டிருக்கிறோமே!

அதன்பிறகு தன்னைச் சுற்றி நடப்பதை வரைய ஆரம்பித்தார். 1972-ல் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில், துணியே சட்டமாக அமைந்த திபெத்திய 'தங்கா' ஓவியங்களைப் பார்த்தார். சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். கனமான ஓவியங்களைத் தூக்க ஆள் தேட வேண்டாம்! மறு வருஷமே டீச்சர் வேலைக்குக் குட்பை.

அவருடைய அம்மா வில்லி போஸி, ஆடை வடிவமைப்பாளர். அடிமையாக இருந்த எள்ளுப்பாட்டியோ, எஜமானர்களுக்கு 'க்வில்ட்' தைத்துக் கொடுத்தவர். க்வில்ட் என்றால்? மேலே ஒட்டுத்துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் கனத்த போர்வை ரெடி. 1980-ல் அம்மாவும் மகளுமாக முப்பது முகங்கள் கொண்ட ஒரு க்வில்ட் செய்தார்கள். அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் சுயசரிதை எழுதினார் ஃபெயித். போட ஆள் இல்லை. 'புத்தகமாகத்தானே போட மாட்டீர்கள்?' என்று கதையை க்வில்ட்டிலேயே எழுதிவிட்டார்! 1983-ல் வந்த முதல் கதைப் போர்வையின் நாயகி, பான்கேக் மாவு பாக்கெட்டில் பல காலம் சிரித்துக்கொண்டிருந்த வேலைக்காரி ஜெமிமா. ஃபெயித் அவரைச் சொந்தத் தொழில் நடத்தும் முதலாளியம்மா ஆக்கிவிட்டார். ப்ரமோஷன் என்றால் அது ப்ரமோஷன்!

1988-ல் 'தார் பீச்'. பீச் என்றதும் மெரினாவை நினைக்காதீர்கள். தார் பூசிய மொட்டை மாடி! கோடை ராத்திரியில் பெரியவர்கள் சீட்டாட, மெத்தையில் படுத்திருக்கும் எட்டு வயதுச் சிறுமி கேஸி, வானத்தில் பறந்து பாலத்தையே தனதாக்கிக்கொள்கிறாள். அவள் அப்பா வேலை பார்த்த பாலம். ஆனால், நிறத்தைக் காட்டி அவரைத் தொழிற்சங்கத்தில் சேர்க்கவில்லை. மகள் பறப்பது சும்மா இல்லை சார்!

இன்று அந்த க்வில்ட் நியூயார்க் குகென்ஹைம் மியூசியத்தில். 1991-ல் அதே கதை குழந்தைகள் புத்தகமாகி விருதும் வாங்கியது. யாரும் சீண்டாத சுயசரிதை? 1995-ல் ஜம்மென்று அச்சில் வந்தது. 2024-ல், 93 வயதில் காலமானார் ஃபெயித்.

ஊரான் பாணியில் தேடிய குரல் கடைசியில் எங்கே இருந்தது பாருங்கள்... அம்மாவின் ஊசியிலும், வீட்டு மொட்டை மாடியிலும்!

இதைப் படித்துவிட்டு, என் பழைய ஊட்டிக் கதையைத் தேடி எடுத்தேன். சகிக்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பினேன். 'பால்காரருக்கு பாக்கி நாற்பது. அம்மாவிடம் கேட்கக் கூடாது. போன மாசமே வளையலைக் கழற்றினாள்' என்று எழுதியிருந்தேன்.

அடடா, கதை இந்தப் பக்கம் அல்லவா இருந்திருக்கிறது!