கியர் பெட்டிக்கும் வேண்டும் குளிர்ச்சி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வண்டிக்கும் காய்ச்சல் வரும் என்பதை நான் பொறியியல் வகுப்பில் கற்கவில்லை. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், என் மாமாவின் பிக்-அப் வண்டி மேட்டில் ஏற மறுத்து நின்ற அன்றுதான் கற்றேன்.

மாமா தோட்டங்களில் குத்தகைக்கு வேலை எடுப்பவர். உரமூட்டை, வேலையாட்கள், சில நாள்களில் பின்னால் இழுவை வண்டி நிறையச் செம்பனைக் குலைகள் என எல்லாச் சுமையும் ஆட்டோ கியர் கொண்ட அந்த நான்கு சக்கர உந்து வண்டியின் தலையில்தான். இரவில் லயத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதே வண்டிதான். அன்று மழை விட்ட மாலை. இயந்திரம் உறுமியது, சக்கரம் அசையவில்லை. தீய்ந்த வாடை மட்டும் வந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது, சிவப்பாக இருக்க வேண்டிய கியர் எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. பழுது பார்க்கப் பல ஆயிரம் ரிங்கிட் ஆனது. அது மாமா தம் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம்.

“நீ என்னடா படிக்கிற? ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லு பார்ப்போம்” என்றார் மாமா. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதிலே இக்கட்டுரை. தோட்டப் பாதையில் வண்டி ஓட்டும் அப்பாவோ அண்ணனோ உள்ள நம் மாணவர்களுக்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கையால் கியர் மாற்றும் வண்டியில் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் கிளட்ச் தட்டு இணைக்கிறது. ஆட்டோ கியர் வண்டியில் அந்த வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற கருத்து இது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே நிறுத்தி வைத்த இன்னொரு விசிறியை வைத்தால், அதுவும் மெல்லச் சுழலத் தொடங்கும் அல்லவா? டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் இப்படி இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. இடையே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் இருக்கிறது.

முதல் சக்கரத்தின் வேகத்தை இரண்டாவது முழுதாக எட்டுவதில்லை. இந்த வேக வேறுபாட்டையே நழுவல் என்கிறோம். நழுவலில் இழக்கப்படும் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இயந்திரம் 30 கிலோவாட் ஆற்றலைத் தரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோவாட் வெப்பம் எண்ணெயில் சேரும். 2 கிலோவாட் மின்கேத்தல்கள் ஐந்தை அந்த எண்ணெய்க்குள் ஒரே நேரத்தில் போட்டு வைத்தது போல!

நெடுஞ்சாலையில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. வேகம் கூடியதும் உள்ளிருக்கும் பூட்டுத் தட்டு இரு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், நழுவல் நின்றுவிடும். ஆனால், தோட்டத்தில் ஊர்ந்து செல்லும்போது அந்தப் பூட்டு விழுவதே இல்லை.

நம் வட்டாரத்தின் மண்

நம் நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இங்குக் கடலோரத்தில் களிமண். உள்ளே போகப் போகச் சில இடங்களில் மிதித்தால் அமுங்கும் கரிமண். மழைக்காலத்தில் இரண்டுமே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். வண்டியோ மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். முன்னாலிருந்து வரும் காற்று குறைவு. போதாக்குறைக்கு ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு அடைத்துக்கொள்ளும். வெப்பம் மிகுதியாகப் பிறக்கும் இடத்தில்தான் அது வெளியேறும் வழியும் குறைகிறது.

ஆட்டோ கியர் எண்ணெய் பொதுவாக 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையில் நலமாக வேலை செய்யும். 120 பாகையைத் தாண்டினால் விரைவாகக் கெடத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. எண்ணெய் கெட்டால் ரப்பர் வளையங்கள் இறுகும், அழுத்தம் குறையும், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தீயும். மாமாவின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

கூடுதல் குளிர்விப்பான்

பெரும்பாலான வண்டிகளில் கியர் எண்ணெய் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் இருக்கும் சிறு குளிர்விப்பானுக்குச் சென்று திரும்புகிறது. ரேடியேட்டர் நீரே 90 பாகையில் இருக்கும்போது, எண்ணெயை அதற்குக் கீழே கொண்டுவர அதனால் இயலாது. எனவே, காற்றால் குளிரும் இன்னொரு குளிர்விப்பானைச் சேர்க்கிறோம். சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கும். அடுக்குத் தகடு வகை, வளைகுழாய் வகை என இரண்டு உண்டு. ஒரே அளவில் அடுக்குத் தகடு வகையே கூடுதலாக வெப்பத்தை நீக்கும்.

பொருத்தும் முறை

முதலில், ரேடியேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குத் திரும்பும் குழாய் எது என்று கண்டறிய வேண்டும். புதிய குளிர்விப்பானை அந்தத் திரும்பும் வழியில்தான் இணைக்க வேண்டும். பெரும் வெப்பத்தை ரேடியேட்டர் நீர் வாங்கிக்கொள்ளும்; மிச்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும்; குளிர்ந்த எண்ணெய் நேராகக் கியர் பெட்டிக்குப் போகும்.

இரண்டாவதாக, இடம். குளிர்சாதனக் கண்டென்சருக்கு முன்னால், காற்று படும் உயரத்தில் இரும்புப் பட்டையால் தாங்கிப் பொருத்த வேண்டும். பம்பருக்குக் கீழே தாழ்வாக வைத்தால் சேறும் மரக்கட்டையும் பதம் பார்த்துவிடும். இடுக்குகளுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகிக் கட்டுவோரும் உண்டு. குலுங்கலில் அவை தேய்த்துத் தேய்த்து ரேடியேட்டரையே ஓட்டையாக்கிவிடும்.

மூன்றாவதாக, குழாய். கியர் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட ரப்பர் குழாயைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சூடான எண்ணெயில் ஊறிப் பிய்ந்துவிடும். கூரான விளிம்புகளில் உரசாமலும் மடங்காமலும் குழாயைக் கொண்டு செல்ல வேண்டும்.

கடைசியாக, எண்ணெய் அளவு. புதிய பாகங்களிலும் கொஞ்சம் எண்ணெய் நிற்கும் என்பதால் அளவு குறையும். வண்டி உற்பத்தியாளர் குறிப்பிட்ட அதே வகை எண்ணெயை ஊற்றி, கையேடு சொல்லும் முறையில் அளந்து, கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அதிகமாக ஊற்றினால் நுரைத்துக் கெடும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியென்றால் முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இது மந்திரமல்ல

கெட்டுப்போன கியர் பெட்டியைக் குளிர்விப்பான் குணப்படுத்தாது. எண்ணெய் சிராப் பண்டுங் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் நீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்று பொருள். அப்போது வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

ஓட்டும் முறையும் முக்கியம். மாமா எரிபொருள் வீணாகும் என்றெண்ணி ‘எல் ஃபோர்’ போடாமலேயே சேற்றில் ஓட்டி வந்தார். உண்மையில் அந்தத் தாழ்ந்த கியர் விகிதமே டார்க் கன்வெர்ட்டரின் சுமையைக் குறைத்து நழுவலைக் கட்டுப்படுத்துகிறது. செலவில்லாத முதல் குளிர்விப்பான் அதுதான்! வண்டி சூடேறிவிட்டால் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரை ‘என்’ நிலையில் வைத்து, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். அணைத்துவிட்டால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும்.

பழுது பார்த்த வண்டியில், கடந்த பருவ விடுமுறையின்போது மாமாவும் நானும் குளிர்விப்பானைப் பொருத்தினோம். அதே பாதை, அதே இழுவை வண்டி. வண்டியின் கணினியோடு இணைக்கும் சிறு கருவியில் முன்பு 118 பாகை காட்டியது. பொருத்திய பின் 96 காட்டியது. இது ஒரே வண்டியில் எடுத்த அளவு. ஆய்வு முடிவென்று கொள்ள வேண்டாம். ஆனால், மாமா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத முன்னாடியே போட்டிருந்தா?” என்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவருடைய மகள் ஒரு பருவம் தாமதமாகத்தான் கல்லூரியில் சேர்ந்தாள்.

தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் பல்கலைக்கழகத்தில் பலவற்றைக் கற்கிறோம். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணெய்க் கோலை ஒருமுறை உருவி, நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நிம்மதி. கறுத்திருந்தால், வீட்டில் உள்ளவர்களிடம் காரணத்தைத் தமிழிலேயே விளக்கிச் சொல்லுங்கள்.