உங்களுக்குத் தெரியுமா? பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ்!

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடுகளில் இருக்கும் பெரிய மூன்று முனை பிளக், பிரிட்டன் 1947இல் வகுத்த தரத்தைச் சேர்ந்தது. அதில் எர்த் முனை மட்டும் சற்று நீளம். பல சாக்கெட்டுகளில் அதுதான் முதலில் நுழைந்து, மற்ற இரு துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கிறது. குழந்தை அந்தத் துளையில் ஊசியை விட்டாலும் தடுப்பு வழிவிடாது. வீட்டுச் சாதனங்களில் இவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டவை அபூர்வம்.

பிளக்குக்குள் ஃபியூஸ் எதற்கு? போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் திட்டமிட்ட பிரிட்டன், பல சாக்கெட்டுகளை வளையமாக ஓடும் ஒரே வயரிங்கில் இணைத்தது. அதில் 30 ஆம்பியர் வரை பாயலாம். மேசை விளக்கின் மெல்லிய வயர் அதைத் தாங்காது, எரிந்துவிடும். அதனால் விளக்குக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ், கெட்டிலுக்கு 13. ஃபியூஸ் போனால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும்.