நாட்டின் அறிவுக்கு என்ன கணக்கு?

மக்களின் படிப்பு, தொழில்திறன், உடல்நலம், ஆய்வுக்கூடங்களில் சேர்ந்திருக்கும் அறிவு ஆகியவற்றின் மொத்தமே ஒரு நாட்டின் அறிவு மூலதனம். நிலம், ஆலை, தங்கம் போல இதைத் தராசில் வைக்க முடியாது என்பதால் பொருளியலாளர்கள் நெடுங்காலம் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1990களில் ஸ்வீடனின் ஸ்கேண்டியா காப்பீட்டு நிறுவனம், லேஃப் எட்வின்சன் பொறுப்பில், ஊழியர்களின் திறனையும் வாடிக்கையாளர் உறவையும் எண்களாக்கி ஆண்டறிக்கையோடு இணைத்தது. நிறுவனத்துக்குப் போட்ட கணக்கை நாட்டுக்கும் போடலாமே என்ற யோசனை பிறகு வந்தது.

எண்ண எளிதானவை காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம். அந்தப் பணம் செலவல்ல, முதலீடு என்று 2008ஆம் ஆண்டின் சர்வதேச தேசியக் கணக்கு முறை சொன்னது. அமெரிக்கா 2013இல் அதன்படி கணக்கைத் திருத்தியதும் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு கூடியது. அதற்காகப் புதிதாக ஓர் ஆலையும் திறக்கவில்லை!

தலைக்குள் ஏறியதை அளப்பதுதான் கடினம். உலக வங்கி 2018 அக்டோபரில் வெளியிட்ட மனித மூலதனக் குறியீடு அதற்கு முயன்றது. குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுவது, வயதுக்கேற்ற வளர்ச்சி, 15 வயதினர் 60 வரை உயிர்வாழ்வது ஆகியவற்றோடு படிப்பும் அதில் சேரும். பள்ளி ஆண்டுகளை அப்படியே எடுக்காமல் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு குறைப்பதுதான் இதன் சூட்சுமம். 2018 கணக்கின்படி இந்தியக் குழந்தை எதிர்பார்க்கக்கூடிய பள்ளிப் படிப்பு 10.2 ஆண்டு, மதிப்பெண் 355. உயர்தர அளவான 625ஆல் 355ஐ வகுத்து 10.2ஆல் பெருக்கினால் 5.8 ஆண்டுதான் மிஞ்சும். மீதி நான்கு ஆண்டுக்கு மேல் வகுப்பில் உட்கார்ந்தும் ஒன்றும் ஏறவில்லை என்று கணக்கு. இந்தியாவின் இறுதி எண் 0.44. முழு நலமும் முழுக் கல்வியும் கிடைத்தால் எட்டக்கூடிய உற்பத்தித்திறனில், அன்று பிறந்த குழந்தை 44 சதவீதத்தை எட்டும் என்று இதற்குப் பொருள். முதலிடம் பிடித்த சிங்கப்பூருக்கு 0.88.

இந்திய நிதி அமைச்சகம் இதை ஏற்க மறுத்தது. நாடு முழுவதற்குமான கல்வித் தரத்தை, பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2009 சுற்றை எழுதிய தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேச மாணவர்களின் மதிப்பெண்ணை வைத்து முடிவுகட்டியிருந்தார்கள் என்பது அதன் புகார்களில் ஒன்று. நியாயமான புகார்தான். இரண்டு மாநிலங்களின் பழைய விடைத்தாள் இத்தனை கோடிப் பிள்ளைகளுக்குச் சாட்சி ஆகாது. ஆனால் வேறு சாட்சி இல்லாமற்போனதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 2012, 2015, 2018, 2022 ஆகிய எந்தச் சுற்றிலும் இந்திய மாணவர்கள் பீசா தேர்வு எழுதவில்லை.