கில்கெனி: ஒரு சட்டமும் ஒரு நகரும்

அயர்லாந்தில் நோர் ஆற்றங்கரையில் கில்கெனி என்றொரு சிறு நகர் உண்டு. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 27,000. நம் நாட்டில் இதனை நகரென்று எவர் மதிப்பார்? ஆயினும் 1609இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சாசனம் வழங்கி இவ்வூரை நகராக்கினார். அப்பெயரை மக்கள் இன்றும் பெருமையுடன் போற்றி வருகின்றனர்.

கெனிக்கஸ் என்னும் துறவியின் கோயில் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். பளபளக்கும் கருங்கல்லால் 'சலவைக்கல் நகர்' என்றும் இதனை அழைப்பர். உண்மையில் அது சுண்ணாம்புக் கல்லே. ஆற்றோரம் நிற்கும் கோட்டையைப் பட்லர் குடும்பத்தார் 1391இல் வாங்கினர். 1967இல் வெறும் ஐம்பது பவுனுக்கு நகர மக்களிடம் ஒப்படைத்தனர்.

ஆனால், நண்பர்களே, என் சிந்தையைக் கவர்ந்தது கோட்டையன்று, ஒரு சட்டம். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயரின் வழிவந்தோர் நாளடைவில் ஐரிஷ் மொழி பேசினர்; ஐரிஷ் மக்களுடன் மணவுறவு கொண்டனர். இதைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். மூன்றாம் எட்வர்டின் மகன் லயனல் 1366இல் கில்கெனியில் மன்றம் கூட்டிச் சட்டம் இயற்றினான். குடியேறியோர் ஐரிஷ் பேசலாகாது. ஐரிஷ் பெயர் சூடலாகாது. ஐரிஷ் மக்களை மணக்கலாகாது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் ஆட்டமும் ஆகாது! வேடிக்கை என்னவெனில், ஆங்கிலமே பேசுக என்று ஆணையிட்ட அச்சட்டம் எழுதப்பட்டது பிரெஞ்சு மொழியில்!

சட்டம் வென்றதா? இல்லை. 1642இல் அதே கில்கெனியில் பழங்குடியேறிகளின் வழிவந்த கத்தோலிக்கரும் ஐரிஷ் கத்தோலிக்கரும் ஓரணியாய்க் கூடித் தமக்கென ஓர் ஆட்சி அமைத்தனர். 1650இல் கிராம்வெல்லின் படை நகரைக் கைப்பற்றியது. பின்னர் ஐரிஷ் மக்கள் நிலம் இழந்தனர். பள்ளியும் வணிகமும் நீதிமன்றமும் ஆங்கிலத்தின் வசமாயின. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் எஞ்சியோரையும் சிதறடித்தது. இன்று கில்கெனித் தெருக்களில் ஒலிப்பது ஆங்கிலமே.

இதிலிருந்து நான் உணர்வது ஒன்று. வெறும் தடைச்சட்டத்தால் ஒரு மொழி அழிந்துவிடுவதில்லை. அம்மொழியால் பிழைக்க வழியில்லை என்னும் நிலை வரும்போதே அது தளர்கிறது. மொழியைக் காக்க விரும்புவோர் முதலில் காக்கவேண்டியது அதைப் பேசுவோரின் வாழ்வை.

தடைசெய்யப்பட்ட ஹர்லிங் என்னாயிற்று? அயர்லாந்தின் ஹர்லிங் வாகைப் பட்டத்தை மிகுதியான முறை வென்ற மாவட்டம் எதுவென்று கேளுங்கள். கில்கெனி!